விவாகரத்து ஒரு கேஸ், குழந்தை வேறு கேஸ்: சத்துவாச்சாரி கோர்ட்டில் தெரிந்துகொண்டது

வேலூர் கொசப்பேட்டையில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. தங்கச்சி வழக்குக்காக நான் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு நடையாய் நடந்தது தெரு முழுக்கத் தெரியும். அதனால் சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ புருஷன் பெண்டாட்டி தகராறு முற்றினால் என்னிடம் வந்துவிடுகிறார்கள். கால் கிலோ ஆணி கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஆள் போகும்வரை தாழ்ப்பாளையும் கொண்டியையும் எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் மெதுவாக ஆரம்பிப்பார்கள். நான் வக்கீல் இல்லை. எங்கள் வக்கீலம்மா சொல்லிக்கொடுத்ததும், குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து காதில் வாங்கியதும்தான் என் சரக்கு. உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு.

வருகிறவர்கள் எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். "குழந்தை யார்கிட்ட போகும்?" அதற்கு நான் முதலில் சொல்வது இதுதான். புருஷன் பெண்டாட்டி வழக்கில் யார் மேல் தப்பு என்று பேசலாம். குழந்தை வழக்கில் அந்தப் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. அங்கே கோர்ட் பார்ப்பது குழந்தைக்கு எது நல்லது என்பதை மட்டும்தான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, அவன் மேல் இருக்கும் கோபத்தைக் குழந்தை வழக்கில் காட்டுகிற குடும்பங்கள்தான் வாய்தா வாய்தாவாக இழுபடுகின்றன.

தங்கச்சியைக் குடியாத்தத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு லுங்கி வியாபாரம். அவர்களுக்குள் என்ன நடந்தது என்பதை எழுதப் போவதில்லை. பாப்பாவுக்கு நாலரை வயது இருக்கும்போது, ஒரு பையோடும் பிள்ளையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இனி திரும்பிப் போகமாட்டேன் என்றாள்.

முதலில் நடந்தது பஞ்சாயத்து. எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, "இன்று முதல் ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம், குழந்தை தாயிடம் இருக்கும், ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திவிடுவார்கள். எங்கள் பெரியப்பா ஒரே பிடிவாதமாக இருந்தார். "பத்திரத்துல எழுதிக்கினா முடிஞ்சுது. இன்னாத்துக்குக் கோர்ட்டு, வக்கீலு? ஊர் சிரிக்கவா?" தங்கச்சிதான் கையெழுத்துப் போடாமல் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, "அண்ணா, இதை யாராவது படிச்சவங்ககிட்ட காட்டிட்டு வந்து போடுறேன்" என்றாள்.

வக்கீலம்மா பேப்பரை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. இந்து திருமணச் சட்டம், 1955-இன்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்தான் முறிக்க முடியும். சில சமூகங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டத்தின் 29-வது பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சாதியில் இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரும் நோட்டரி முத்திரையும் அந்த நிரூபணம் ஆகாது. அதை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. அதோடு, முதல் கல்யாணம் இருக்கும்போதே இரண்டாவது செய்த குற்றம், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 494, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு, தலையில் விழும். அந்த ஜீவனாம்ச வரி இன்னும் மோசம். குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பராமரிப்பை அம்மா எழுதிக்கொடுத்துவிட முடியாது, அது அவளுடைய உரிமை இல்லை, குழந்தையுடையது. இதைக் கேட்ட பிறகு பெரியப்பா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பஞ்சாயத்துப் பேச்சையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சீர் சாமான், பணம், குழந்தை பற்றி உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர அது உதவும். அந்த முடிவைக் கோர்ட்டில் மனுவாக எழுதினால்தான் அது தீர்வு.

எந்தக் கோர்ட் என்பது அடுத்த கேள்வி. கல்யாணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், இவற்றில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். மனைவி வழக்குப் போட்டால் அவள் இப்போது வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2003-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனால்தான் எங்களுக்கு வேலூர். குழந்தைக்கான வழக்கில் கணக்கு வேறு. 1890-ஆம் வருடத்துப் பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியவர் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். இந்தச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு வேறு. குழந்தைக்கென்று தனி வழக்கு வந்தால் எல்லாரும் இந்தப் பழைய சட்டத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

விவாகரத்து இரண்டு வகை. இருவரும் சம்மதித்துப் போடும் 13-பி மனு, ஒருவர் மட்டும் காரணம் காட்டிப் போடும் 13-வது பிரிவு மனு. சம்மத மனுவுக்கு ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இருவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தை எல்லாம் பலிக்காமல் போய், பணம், குழந்தை விஷயமும் பேசி முடிந்துவிட்டிருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் ஒரு தீர்ப்பு வந்தது. கேட்டவுடன் கிடைத்துவிடாது, தனி மனு போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அந்த மனு அதோடு நின்றது. "கல்யாணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று சொல்லி உடனே வாங்கலாமாமே" என்று பேப்பரைக் காட்டி ஒருவர் கேட்டார். 2023-இல் வந்த அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்துவது பற்றியது. சத்துவாச்சாரியில் அந்தக் காரணத்தைச் சொல்லி வாங்க முடியாது.

மாப்பிள்ளை முதலில் சம்மதிக்கவில்லை. அதனால் கொடுமை என்ற காரணத்தின் மேல் தனி மனுவாகத்தான் போட்டோம். நோட்டீஸ் போனது. வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போனது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இது ஆண்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நோட்டீஸை வாங்காமல் இருந்தால் வழக்கு நின்றுவிடும் என்று யாரோ ஊரில் சொல்லிவைத்திருக்கிறார்கள். நிற்காது. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு அதை உடைக்க மனு, தாமதத்தை மன்னிக்க மனு என்று செலவு இரட்டிப்பாகும். வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதற்காகவே வந்திருந்தார். அவர் சம்பளத்தில் ஜீவனாம்சம் பிடித்தம் வந்த பிறகுதான் அவருக்கு வழக்கு இருப்பதே உறைத்திருக்கிறது.

குடும்ப நல நீதிமன்றத்துக்கென்று 1984-இல் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே கூண்டு, சத்தமான வாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு போனால் வேறு மாதிரி இருக்கும். முதல் வேலையாகச் சேர்த்துவைக்கப் பார்ப்பது கோர்ட்டின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அதனால் கவுன்சிலிங் அனுப்புவார்கள். அதில் பேசுவதைத் தங்கச்சி ஆரம்பத்தில் வெறுத்தாள். "சேர்ந்து வாழச் சொல்லியே பேசுறாங்க அண்ணா" என்பாள். ஆனால் மாப்பிள்ளை வாயைத் திறந்து, தனக்கு வழக்கைவிடப் பாப்பாவைப் பார்க்க முடியாததுதான் பெரிய விஷயம் என்று சொன்னது அந்த அறையில்தான். இரண்டு பக்க வக்கீல்களும் நாங்களும் வெளியே இருந்தோம். உறவுக்காரர்கள் வெளியே இருப்பது நல்லது. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கு நடக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, பாப்பாவைப் பள்ளியிலிருந்து மாப்பிள்ளை அழைத்துக்கொண்டு குடியாத்தம் போய்விட்டார். அப்பா என்பதால் பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஒரே கூச்சல். அம்மா அழ, என் தம்பி நண்பர்களோடு கார் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டான். வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "யாரும் போகக்கூடாது. அங்க ஒரு கைகலப்பு ஆனா நாளைக்கு அதுதான் கோர்ட்ல பேச்சா இருக்கும். திங்கட்கிழமை இடைக்கால மனு போடறேன்" என்றார். பெற்ற அப்பா குழந்தையை அழைத்துப் போனதை ஆள் கடத்தல் என்று போலீஸ் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. குழந்தையை மறைத்து வைத்துவிட்டார்கள் என்றால் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம், கஸ்டடி விஷயத்திலும் அது செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவ்வளவு தூரம் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் அவரே கொண்டுவந்து விட்டார். பாப்பா கையில் புது பொம்மை, தலையில் யாரோ கோணலாகப் பின்னிய சடை. அதன் பிறகு, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று பள்ளிக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்தோம். வழக்குப் போட்ட அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

திங்கட்கிழமை போட்ட மனுதான் பாப்பாவைப் பற்றிய முதல் மனு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் குழந்தை யாரிடம் இருப்பது, படிப்புச் செலவு யார் கொடுப்பது, எப்போது பார்ப்பது என்று இடைக்கால உத்தரவு வாங்கலாம். இதற்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதில்தான் ஊரில் கட்டுக்கதை அதிகம். 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் என்று முதலில் அப்பாவையும் அவருக்குப் பிறகு அம்மாவையும் சொல்கிறது. அதே பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்து, "அஞ்சு வயசு முடிஞ்சதும் அப்பாவுக்குப் போயிடும்" என்று ஒரு பேச்சு. அப்படிப் போகாது. அதே சட்டத்தின் 13-வது பிரிவு குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அப்பா இருக்கும்போதும் அம்மா காப்பாளராக இருக்க முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியும்விட்டது. அம்மாவுக்குச் சம்பளம் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பறிக்கமாட்டார்கள், பணத்தை அப்பாவைக் கொடுக்கச் சொல்வார்கள். மறுமணம் செய்துகொண்டால் தானாகவே உரிமை போய்விடும் என்பதும் தவறு. இன்னொன்று, "ஒன்பது வயசு ஆனா பிள்ளை யாரைச் சொல்லுதோ அவங்ககிட்ட." சட்டத்தில் அப்படி ஒரு வயது கிடையாது. சொந்தமாக யோசித்துச் சொல்கிற அளவுக்குக் குழந்தை வளர்ந்திருந்தால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பாப்பாவை நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசினார். அதற்கு முந்தைய இரவு ஆயா, அதாவது எங்கள் அம்மா, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு "அம்மாகூடதான் இருப்பேன், அப்பா வேணாம்னு சொல்லணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி அதைத் தடுத்தாள். நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையாம். வெளியே வந்த பாப்பா எங்களிடம் சொன்னது: "என் டீச்சர் பேர் கேட்டாங்க. யாரு சடை பின்னுவாங்கன்னு கேட்டாங்க. காய்ச்சல் வந்தா யாரு பக்கத்துல படுப்பாங்கன்னு கேட்டாங்க. அப்பா வீட்ல என்ன புடிக்கும்னு கேட்டாங்க, நான் மொட்டை மாடின்னு சொன்னேன்." சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போன பிள்ளைகள் உள்ளே போனதும் பாடம் ஒப்பிக்கும் என்றும், அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்றும் வக்கீலம்மா சொன்னார். சொல்லிக்கொடுத்தவர் மேல்தான் அப்புறம் நம்பிக்கை குறையும்.

இடைக்கால உத்தரவில் பாப்பா தங்கச்சியிடம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா கோர்ட் வளாகத்திலேயே பார்க்கலாம் என்று வந்தது. மாப்பிள்ளை குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். முதல் தடவை பாப்பா அவரிடம் போகவே இல்லை, தங்கச்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தங்கச்சி என்னிடம், "நான் இங்க நின்னா அது போகாது" என்று சொல்லிவிட்டு வெளியே டீக்கடைப் பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மேல் எனக்கு இருந்த கோபம் எதுவும் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து சனிக்கிழமை வேண்டாம் என்று நான் பேசியதில்லை. பிறகு சந்திப்பு கோட்டைப் பூங்காவுக்கு மாறியது. குழந்தை யாரிடம் இருந்தாலும் மற்றவரோடு தொடர்பு அறுந்துபோகக் கூடாது, வெளியூரில் இருந்தால் வீடியோ காலாவது வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. கோர்ட்டுகள் இதை மனதில் வைத்துத்தான் நடக்கின்றன.

நடுவில் ஒரு சமயம் ஜீவனாம்சம் மூன்று மாதம் வரவில்லை. அம்மா கொதித்தார். "காசு அனுப்பாதவனுக்குப் பிள்ளையை எதுக்கு அனுப்பணும்?" கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பணம் வரவில்லை என்றால் அதை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால், பாக்கிக்கு மனு போட்டு வாரண்ட் வாங்கலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை போடவும் முடியும். ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், தூங்கிவிடக் கூடாது. அதை விட்டுவிட்டுப் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொண்டால், உத்தரவை மீறியவர் நாமாகிவிடுவோம். அந்தப் பக்கம், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துகிற அப்பாவுக்கும் இதே பதில்தான்.

ஜீவனாம்சத்துக்கு வழிகள் பல. வழக்கு நடக்கும்போது இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு, முடியும்போது நிரந்தரத் தொகைக்கு 25-வது பிரிவு, முன்பு சொன்ன 144, குடும்ப வன்முறைச் சட்டம், 2005. ஒன்றில் வாங்கியதை மற்றதில் மறைக்கக் கூடாது. 2020-இல் வந்த ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். மாப்பிள்ளை வியாபாரத்தில் ஒன்றுமே நிற்பதில்லை என்று காட்டினார். ஜி.எஸ்.டி. ரிட்டனையும் பேங்க் கணக்கையும் கேட்டவுடன் தொகை கொஞ்சம் ஏறியது. தங்கச்சி அதற்குள் ஒரு ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் கிடைக்காது என்று பயந்து வேலையை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டாம். சம்பளம் இருந்தாலும் கேட்கலாம், தொகை கூடக் குறைய இருக்கும். பொய்ப் பிரமாணத்தில் மாட்டினால் மொத்த வழக்கும் கெடும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

சீர் சாமான் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்குக் கொடுத்தது, எந்தப் பக்கத்தார் கொடுத்திருந்தாலும், அவள் சொத்து. புகுந்த வீட்டார் வெறும் பொறுப்பாளர்கள்தான், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் வந்த விதிகள் கல்யாணப் பரிசுகளைப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கின்றன. நம் ஊரில் மொய் நோட்டை எழுதுகிற அக்கறையில் பாதிகூட அதற்கு இல்லை. எங்களைக் காப்பாற்றியது நகைக்கடை ரசீதும் கல்யாண ஆல்பமும். ஒரு நாள் இரண்டு பக்க ஜூனியர் வக்கீல்களும் நிற்க, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டாடா ஏஸில் ஏற்றினோம். பீரோ, கட்டில், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எல்லாம் சரி. கிரைண்டர் வந்தது, குழவியைக் காணோம். அரை மணி நேரம் அதற்குச் சண்டை. கடைசியில் கொல்லைப்புறக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்ததை மாமியாரே எடுத்துவந்து கொடுத்தார். பட்டியலில் டிக் விழுந்தது.

அந்தக் கவுன்சிலிங்குக்கும் சமரச மையத்துக்கும் பிறகு, கொடுமை வழக்கைச் சம்மத மனுவாக மாற்றிக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இங்கேதான் நீங்கள் அதிகம் கவனம் செலுத்த வேண்டும். பலரும் தொகையில் குறியாக இருந்துவிட்டு, குழந்தை பற்றி ஒரே வரி எழுதுவார்கள்: "தகப்பனார் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்." அந்த "அவ்வப்போது"தான் அடுத்த வழக்கு. எங்கள் வக்கீலம்மா பிடிவாதமாக எல்லாவற்றையும் எழுதவைத்தார். இரண்டாவது, நாலாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோட்டை வாசலில் ஒப்படைப்பது, மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் திரும்ப விடுவது. யார் கொண்டுவருவது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் முந்தின நாளே சொல்வது, அதற்குப் பதில் எந்த ஞாயிறு. பெரும் பொங்கல் அம்மாவோடு, காணும் பொங்கல் அப்பாவோடு. தீபாவளி ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. கோடை விடுமுறையில் பாதி. பள்ளிக் கட்டணத்தை அப்பா நேரடியாகப் பள்ளிக்கே கட்டுவது. பாப்பா பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட், மேஜராகும் வரை யாரும் உடைக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் பேச்சு முறியப் பார்த்தது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தீபாவளிக்கும் மேல். மாமியார் பாப்பா பிறந்தபோதே வேண்டுதல் வைத்திருக்கிறார், வருடா வருடம் பிள்ளை அம்மன் முன்னால் நிற்க வேண்டும் என்று. மே மாத நடுவில் வருவதால் கோடை விடுமுறையில் எங்கள் பாதியில் விழுந்தது. எங்கள் அம்மா முடியாது என்றார். தங்கச்சிதான், "சிரசுக்கு முந்தின நாள்ல இருந்து மறுநாள் வரைக்கும் அவங்ககிட்ட இருக்கட்டும், எழுதுங்க" என்று முடித்துவிட்டாள். அது இப்போதும் உத்தரவில் தனி வரியாக இருக்கிறது. இன்று வரை அந்த வரியால் ஒரு சண்டையும் வரவில்லை. இப்படி எழுதியதும் காலத்துக்கும் கல்வெட்டு இல்லை. குழந்தை வளர வளர, ஊர் மாறினால், ஒருவர் மறுமணம் செய்துகொண்டால், மாற்றக் கேட்டு மனு போடலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று அழுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டம் அது. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் வைத்தால், மொத்தமாக எவ்வளவு, வாய்தாவுக்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் பதிவானதும் சி.என்.ஆர். என்று ஒரு எண் கிடைக்கும். அதை ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசியாக என்ன நடந்தது என்று தெரியும். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லி எங்களையும் நாலு பேர் தூண்டினார்கள். அடி, உதை, வரதட்சணைக் கொடுமை உண்மையில் நடந்திருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். பேரம் பேசுவதற்காக ஒரு புகார் என்பதை நான் ஏற்கமாட்டேன். அதில் மாப்பிள்ளை வீட்டு வயதானவர்கள் பெயரையெல்லாம் இழுத்துவிட்ட பிறகு, சமரசத்துக்கு வர எந்த மாப்பிள்ளையும் தயாராக இருப்பதில்லை.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஒன்றை இருவருக்கும் கோர்ட் இலவசமாகவே தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. அதோடு நிறுத்தாமல் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க, பாப்பாவைப் புதுப் பள்ளியில் சேர்க்க, வங்கியில் டெபாசிட் போட என்று ஒவ்வொரு இடத்திலும் அதைக் கேட்டார்கள். சம்மத மனுவில் வந்த தீர்ப்பு இல்லை என்றால், அப்பீல் காலம் முடியும்வரை மறுமணப் பேச்சை எடுக்காதீர்கள். குழந்தை உத்தரவு தனியாக இருந்தால் அதற்கும் தனி நகல் வேண்டும், விவாகரத்து நகலைக் காட்டினால் போதாது. அப்புறம், பத்திரமாக இருக்கட்டும் என்று எந்த நகலையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியவில்லை என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி நகல் மனு, மறுபடி சத்துவாச்சாரி.